முறுக்கைப் பிடுங்கிய வில்லன்

ஞாயிறு இரவு

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. டிவியில் பார்க்கும் அமெரிக்க மல்யுத்தத்தில் அடியைவிட வாய்ப்பேச்சுதான் அதிகம். ஜப்பான்காரர்கள் வாங்கும் அடி எனக்கே வலிக்கும். ஆனால், டிவியில் யாரும் என் முறுக்கைப் பிடுங்க முடியாதே!

இன்று கிள்ளான் மண்டபத்தில் நடந்த மல்யுத்த ஆட்டத்தில் முகமூடி வில்லன் மேடையிலிருந்து குதித்து வந்து, என் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பறித்துத் தின்றான். "இவன் இடுப்ப ஒடிங்க லா!" என்று அலறினேன்.

ஆட்டம் முடிந்ததும், முகமூடியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தான். "சாரி ஆன்டி. முறுக்கு நல்லா இருந்துச்சு லா. கோவமா?"

சிரிப்பு முட்டியது. சுற்றிலும் ரசிகர்கள். வில்லனைப் பார்த்துச் சிரித்தால் அவன் மரியாதை என்னாவது?

"போடா, திருட்டுப் பயலே!"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "தேங்க்ஸ் ஆன்டி!"

அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு பொட்டலம் கொண்டுபோவேன். ஒன்று, அவன் பிடுங்குவதற்கு.