மேற்கோளுக்குள் ஓர் இடைவெளி

மார்ச் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயில் தாமதம். கால்சட்டை நனைந்தே லேப்புக்கு.

இரத்தப் பரிசோதனை இயந்திரத்துக்குப் புது மென்பொருள் போட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் அது அனுப்பும் வரியில் எண்களுக்கு நடுவே ஒரே இடைவெளி. இப்போது இரண்டு, மூன்று, சில இடத்தில் டேப் என்கிற நீள இடைவெளி. அதைப் படித்துத் திரையில் கட்டம் கட்டமாகப் போடும் என் பெர்ல் நிரல் குழம்பிவிட்டது. வரியைத் துண்டுகளாகப் பிரிக்கும் கட்டளை split / / என்றிருந்ததை split /\s+/ ஆக்கினேன். எத்தனை இடைவெளி சேர்ந்து வந்தாலும் ஒன்றாகவே கொள்ளும். சில வரிகளில் சோதித்தேன், சரி. கூட நிரல் எழுதும் ரேவதியிடம் பெருமையாகக் காட்டினேன்.

குடை வாங்கணும்.

மார்ச் 4, புதன்

வெயில். காப்பார் கிளினிக் டாக்டர் போன். டயாலிசிஸ் அங்கிள் ஒருவர் நடக்கமுடியாமல் வந்திருக்கிறாராம். பொட்டாசியம் எவ்வளவு என்றார். நம் திரையில் அவர் பெயரே இல்லை. பெயரில்லாத வரிசை ஒன்று மட்டும்.

ரேவதி எட்டிப் பார்த்தார். "அண்ணே, பொட்டாசியம் 139னு காட்டுது. அப்படி இருந்தா ஆளே இருக்க மாட்டாரு லா."

ஓடிப்போய் இயந்திரத்திலேயே பார்த்தார். 6.9. அதுவும் ஆபத்துதான். அவரே டாக்டரிடம் இரண்டு முறை சொன்னார்.

பிறகுதான் காரணம் புரிந்தது. வரி தொடங்குவது இரத்த மாதிரியின் எண்ணில்; அங்கிளுடையது சிறிய எண், அதனால் அகலத்தை நிரப்பத் தொடக்கத்தில் இடைவெளி. என் நிரல் அதற்கு முன்னால் ஒரு வெற்றுச் சொல் இருப்பதாக எடுத்து, எல்லாவற்றையும் ஒரு கட்டம் தள்ளிவிட்டது. மாதிரி எண்ணின் கட்டம் காலி, அதனால் பெயரில்லை; சோடியம் போய்ப் பொட்டாசியத்தில்.

ரேவதி அதை அழித்துவிட்டு split ' ' என்று எழுதினார். பழையபடி ஒரே இடைவெளிக்குத்தானே போகிறோம் என்றேன்.

"இல்லண்ணே. சாய்கோட்டுக்குள்ள போட்டாதான் ஒரே ஸ்பேஸ். மேற்கோள்ல போட்டா, முன்னாடி இருக்கறத விட்டுடும். நடுவுல எவ்ளோ இருந்தாலும், டேப் இருந்தாலும் ஒன்னுதான்."

ஓட்டினோம். ஒவ்வொரு வரியும் அதனதன் கட்டத்தில். திரையில் அங்கிள் பெயரோடு வந்தார்.

மார்ச் 5, வியாழன்

மேகமூட்டம். காப்பார் டாக்டர் கூப்பிட்டார். அங்கிளை நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து டயாலிசிஸ் ஆனதாம். இன்று எழுந்து உட்கார்ந்து மகளைத் திட்டினாராம். ரேவதி சிரித்தார். வெளியே போய்விட்டு வந்தபோது கண் சிவந்திருந்தது.

ரயிலில் பெர்ல் கையேட்டின் split பற்றிய பக்கம் முழுவதும் படித்தேன். வரியைப் படிக்கிற மனிதர் யாரும் தொடக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தை ஒரு சொல்லாக எண்ணமாட்டார். யாரோ அதை யோசித்து, இரண்டு மேற்கோள் குறிக்குள் அடக்கியிருக்கிறார்கள். என்ன அழகு. இத்தனை வருடம் தெரியாமலே எழுதியிருக்கிறேன்.

ரேவதிக்கு வாட்ஸ்அப்: நாளைக்குச் சாப்பாடு என் செலவு.

பதில்: "சரிண்ணே. மத்த நிரல்லயும் அந்த \s+ இருக்கு. மொதல்ல அத பாப்போம்."