வேர்க்காத உடம்பு

தம்பி,

மகனின் சட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இப்போதுதான் அவனுக்குப் போட்டுவிட்டேன். ஈரத்துணியின் மணத்தோடு உன் நினைவும் வந்துவிட்டது.

போன கிழமை மட்டக்களப்பில் ஒரு டொக்டர் அவனுடைய உள்ளங்கையைப் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். மெலிந்து வரியோடிய நகங்களைத் தடவினார்.

"வேர்வைத் துளை ஒண்டும் தெரியல்ல. தோலுக்குள்ள சுரப்பியே உண்டாகல்ல. குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி இருந்ததா?"

"என்ட தம்பிக்கு இருந்தது. செத்துப்போனான்."

தோலுக்குள் நூல்போலச் சுருண்டு கிடக்கும் சுரப்பிகள் வேர்வையை மேலே அனுப்புமாம். அது காயும்போது உடம்பின் சூட்டையும் கொண்டுபோகுமாம். நகம், முடி, பல், வேர்வைச் சுரப்பி எல்லாம் கருவிலே ஒரே படலத்திலிருந்து உண்டாகிறவையாம். உன் கூர்ப்பற்களும், பஞ்சு போன்ற தலைமுடியும், ஒடியும் நகங்களும் ஒரே நோய்தான் தம்பி. எங்கள் வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர்.

உன்னிச்சை வயல்வட்டையில் அப்பா ஆட்களுக்கு முன்னால் உன் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக் காட்டுவார். "பாருங்க, ஒரு சொட்டு இல்ல. வேர்க்காதவனுக்குச் சோறு எதுக்கு?" அவர்கள் சிரிப்பார்கள். நீ வாய்க்காலில் இறங்கிச் சட்டையை நனைத்துக்கொண்டு வருவாய்.

அந்தச் சிறுபோக நெல்வெட்டில், வெட்டு மெசின் இறங்காத பள்ளத்தைக் கையால் வெட்ட வேண்டியிருந்தது. மத்தியானம் நான் சோறு கொண்டு வந்தபோது, அப்பா உன்னை வாய்க்காலிலிருந்து இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நனஞ்ச சட்டையோட நிண்டா வேர்வை எண்டு நாங்க நம்புவமா? கழட்டுடா!"

சட்டையை வாங்கி வரம்பில் எறிந்தார். நீ அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தாய். முகம் செம்பாய்ச் சிவந்திருந்தது. கொஞ்ச நேரத்தில், வெட்டிப்போட்ட நெல் உப்பட்டிகளின் மேல் விழுந்தாய். ஓடிவந்து தொட்டேன், கை சுட்டது.

"அக்கா, குடிக்க வேணாம். மேல ஊத்து."

கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். அப்பா காலால் உன் விலாவைத் தட்டினார். "எழும்புடா, நடிக்காத." இரண்டாம் முறை தட்டும்போது உனக்கு வலிப்பு வந்துவிட்டது. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கும் முன்பே என் மடியில் நீ அடங்கிப்போனாய்.

செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்பா, "நெஞ்சுப் பலமில்லாத பொடியன்" என்றார். உன்னைப் புதைத்த மறுநாளே மிச்சத்தை வெட்டி முடித்தார்கள்.

டொக்டர் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். அப்போதாவது உனக்காக ஒரு சொல் வரும் என்று நின்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என் பிள்ளையைப் பார்த்தார்.

"அப்ப இதுவும் பிழைச் சாமான்தானா?"

அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் வீட்டை விட்டு வந்துவிட்டேன். இப்போது மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறோம்.

இது தாய்வழியாக வருவதாம். அம்மாவிடமிருந்து எனக்கு வந்து, என்னிடமிருந்து இவனுக்குப் போயிருக்கிறது. என்னைப் போன்ற பெண்களுக்கு உடம்பில் அங்கங்கே மட்டும் வேர்க்காதாம். நேற்று வெயிலில் உடுப்புத் துவைத்துவிட்டு முதுகைத் தடவிப் பார்த்தேன். எல்லா இடமும் நனைந்திருக்க, நடுவில் ஒரு பட்டை காய்ந்து சுட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சட்டையில்லாமல் நீ நின்ற வெயில் அது.