ஒரு பல் தள்ளிப் போட்ட செயின்

அன்புள்ள கர்ட்டிஸுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், ஃபேர்பேங்க்ஸ் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது, என் முழங்கால் வலி போன மாதத்துக்கு இந்த மாதம் தேவலை. உன் நீலக் காரை அப்பா விற்றுவிட்டார். அதை மட்டும் எழுதி நிறுத்தத்தான் உட்கார்ந்தேன், மனசு கேட்கவில்லை.

கென்டக்கியிலிருந்து மெர்ல் என்று ஒருவர் வாங்க வந்தார். பழைய எஞ்சினைப் பிரித்துக் கட்டியது என்கிறீர்கள், எவ்வளவு இழுக்கும் என்று அளந்து பார்க்காமல் வாங்கமாட்டேன் என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு. இதுல என்னத்த அளக்கப்போறீங்க, என் பையன் கட்டின சவப்பெட்டி, ஸ்கூல் பஸ்ஸே இதை முந்திடும் என்றார். நீ இந்தக் காரை ஓட்டிப் பந்தயத்தில் தோற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனதிலிருந்து காபிக் கடையில் தினமும் சொல்கிற அதே பேச்சுதான். சரி என்று லோனியின் பட்டறைக்குக் கொண்டுபோனோம், நானும் கூடவே போனேன். அப்பாவின் காபிக் கடைக் கூட்டமும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. காரை உருளைமேல் ஏற்றி ஓட்டி அளந்தார்கள், நீ சொன்ன குதிரைசக்தியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். லோனி மட்டும் சிரிக்கவில்லை. எட்டு சிலிண்டரிலும் அழுத்தத்தைப் பார்த்தான், காற்றடைத்துக் கசிவு பார்த்தான். கசிவே இல்லை, எட்டிலும் அழுத்தம் குறைவு, ஆனால் எட்டிலும் ஒரே அளவு. தேஞ்சிருந்தா ஒண்ணு ரெண்டுலதான் குறையும், இது வால்வு திறக்கிற நேரமே தப்பு, எஞ்சின் முன்மூடியைக் கழட்டணும் என்றான். கழற்றினால், வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கிற டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறது.

அப்பா உடனே எல்லோரையும் கிட்டே கூப்பிட்டு, பாருங்கய்யா என் பையன் லட்சணத்தை, எண்ணக்கூடத் தெரியல என்றார். பந்தயத்துக்கு முந்தின வாரம் நீ வேலைக்குப் போயிருந்தபோது, எண்ணெய் கசிகிறது என்று அந்த மூடியைத் திறந்தவர் அவர்தான், நான் பார்த்தேன். நீ பசை போட்டு ஒட்டிய இடமெல்லாம் முடி மாதிரி மெல்லிசாக இருக்கிறது, அந்த மூடியில் மட்டும் அவர் கைப்பழக்கப்படி பசை பிதுங்கி நிற்கிறது. இதைக் கடைசியாத் திறந்தது நீங்கதானே என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பெத்தவளுக்கு எஞ்சின்கூடத் தெரியும்போல என்றார், மறுபடியும் சிரிப்பு. லோனி அந்தப் பசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விடுங்க நடீனக்கா என்று முணுமுணுத்தான். அவன் பட்டறை நிற்கிற இடம் அப்பாவுடையது.

செயினைச் சரியாக மாட்டி மறுபடி ஓட்டினார்கள். நீ சொன்ன அளவு வந்தது கர்ட்டிஸ், அதற்கு மேலேயும் கொஞ்சம் வந்தது. பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. மெர்ல் ஓடிவந்து அப்பாவின் கையைக் குலுக்கி, பையன் கெடுத்ததை நீங்க காப்பாத்திட்டீங்க என்றார். அப்பா தலையாட்டினார்.

திரும்பி வரும்போது செயினை ஏன் அப்படித் தள்ளி மாட்டினீர்கள் என்று கேட்டேன். மறைக்கவில்லை. அவன் ஜெயிச்சிருந்தா இந்த ஊர்ல என்னை யாரு மதிப்பா என்று சொல்லிவிட்டு, இறைச்சி வாங்கணுமா, கடையில நிறுத்தவா என்று கேட்டார்.

நீ செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. இது தெரிந்தவர்கள் லோனியும் நானும் அவரும்தான், மூன்று பேராலும் உனக்குப் பிரயோஜனமில்லை. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். போன் பண்ணும்போது அப்பாவிடம் இதைக் கேட்டுவிடாதே. உனக்கு வலித்தது என்று தெரிந்தால் அதையும் காபிக் கடையில் சொல்வார்.

உன் அம்மா,
நடீன்