பலகையில் வராத ஏழு எண்கள்

ஜூன் 1, திங்கள்

காற்று ஆரம்பித்துவிட்டது. மாடியில் காயப்போட்ட துப்பட்டா எதிர்வீட்டு முருங்கையில். குற்றாலத்தில் சாரல் என்று பஸ்ஸில் பேச்சு. பாளையங்கோட்டைக்கு வெறும் புழுதிதான்.

கல்லூரியில் பி.எஸ்ஸி. இறுதியாண்டு முடிவுகள், கணிப்பொறியில் முதல் ஓட்டம். போன வருடம் வரை பாதி கணிப்பொறி, பாதி கை. என் புரோகிராம் தனியாக ஓடுவது இதுவே முதல் தடவை.

அச்சடித்த தாளைப் பார்த்ததும் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். (தேர்வுப் பிரிவுக்கே அவர்தான் தலை.) "ஏம்மா, பிரின்சிபால் கையெழுத்துப் போடுத தாளு இது. நடுவுல நடுவுல என்ன இங்கிலீஷ் குப்பை?"

குப்பை அல்ல. புரோகிராமின் புகார்கள். 'இந்த வரி காலி', 'இந்த வரி காலி' என்று பக்கத்துக்குப் பத்து. மதிப்பெண்களைத் தட்டி ஏற்றும் முத்துலட்சுமி ஒவ்வொரு பாடத்துக்குக் கீழேயும் இரண்டு வரி காலியாக விடுகிறாள். கேட்டால், "கண்ணுக்கு லட்சணமா இருக்கட்டும்னு விட்டேன். ஒன் மிஷினுக்குப் பொறுக்கலையோட்டி?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் கணிப்பொறி ஓடும் யுனிக்ஸில் ஒரு புரோகிராமுக்கு இரண்டு வாய்க்கால். ஒன்றாம் எண்ணில் விடை வரும், இரண்டாம் எண்ணில் புகார் வரும். 2>&1 என்று எழுதி, இரண்டையும் ஒரே தாளுக்குத் திறந்துவிட்டவள் நான்.

நாளைக்கு: புகாரை வேறு பக்கம் திருப்ப. நூலகப் புத்தகம் (கெடு முடிந்து மூன்று நாள், இன்னும் எண்பது பக்கம்). அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

ஜூன் 2, செவ்வாய்

திருப்பியாயிற்று. 2> /dev/null. பேர் மட்டும் உள்ள ஓர் இடம் அது. எதை ஊற்றினாலும் உள்ளே போகும், பிறகு கிடைக்காது. /dev/null-க்குப் பதில் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்திருந்தால் புகாரெல்லாம் அதில் சேர்ந்திருக்கும், உட்கார்ந்து படித்திருக்கலாம். அத்தனையும் காலி வரிதானே, யார் படிப்பது என்று விட்டேன்.

பட்டியல் சுத்தமாக வந்தது. "இப்பம் பாரு, இதுல்லா பட்டியல்" என்றார் சார். எனக்கும் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பிற்பகல் பலகையில் ஒட்டினார்கள். வழக்கம்போல் தேர்ச்சி பெற்ற எண்கள் மட்டும். எண் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. ஒருத்தி பலகை முன் தோழியின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சந்தோஷமா, மற்றதா, தெரியவில்லை.

சொட்டு மருந்து மறந்துபோயிற்று.

ஜூன் 8, திங்கள்

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும். மகள் வள்ளி. அப்பா மில் ஷிப்ட் முடிந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். காலரில் பஞ்சு.

"போர்டுல நம்பர் இல்ல தாயி. நல்லா எழுதிருக்கேன், நல்லா எழுதிருக்கேன்னே சொல்லுதா. ஒரு தரம் பாத்துச் சொல்லுங்க. பெயிலுன்னா பெயிலுன்னாவது சொல்லுங்க."

வள்ளி அவரைப் பார்க்காமல் என்னிடம்: "கணக்குல எனக்கு எழுவதுக்குக் கொறையாது மேடம்."

மதிப்பெண் கோப்பில் தேடினேன். இருந்தாள். எல்லாத் தாளிலும் தேர்ச்சி. கணக்கில் எழுபத்தெட்டு. பட்டியலில் மட்டும் இல்லை.

/dev/null-ஐ எடுத்துவிட்டு, புகாரை ஒரு கோப்பில் பிடித்து மறுபடி ஓட்டினேன். முந்நூற்றுச் சொச்சம் வரி. காலி, காலி, காலி. நடுவே அங்கங்கே ஏழு வரி வேறு மாதிரி: 'எண் செல்லாது, விடப்பட்டது.' இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் பதிவெண்ணின் கடைசியில் ஓர் எழுத்து உண்டு. புரோகிராம் எழுதும்போது எனக்கு அது தெரியாது. ஏழு பேரையும் அது தள்ளியிருக்கிறது. தள்ளினேன் என்று ஏழு தடவை சொல்லியும் இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னம்லா" என்றாள் வள்ளி, அவரிடம். ஒரு வாரமாக அந்த வீட்டில் என்ன பேச்சோ. கேட்கவில்லை.

ஏழில் ஒருத்திதான் வந்து கேட்டிருக்கிறாள். மற்ற ஆறு பேரும் பலகையை நம்பிவிட்டார்கள்.

ஜூன் 9, செவ்வாய்

சாரிடம் எல்லாம் சொன்னேன். ஃபேனை நிறுத்தச் சொன்னார், தாள் பறக்கிறதென்று. தாள் எதுவும் பறக்கவில்லை.

"இது வெளிய போச்சுன்னா மொத்த ரிசல்ட்டையும் சந்தேகப்படுவாங்க. பிரிண்டர்ல ஒரு தாள் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். துணைப் பட்டியல் ஒட்டிருவோம், கார்டு போட்டிருவோம். தப்பு கிப்புன்னு யாருக்கும் எழுத்துல எதுவும் குடுக்க வேண்டாம். ஒனக்கும்தாம்மா சொல்லுதேன், ஜூலையில ஒன் வேலை ஆர்டர் புதுப்பிக்கணும்லா."

அவர் கெட்டவர் அல்ல. காலையில் என் தம்பியின் காய்ச்சலை விசாரித்தவர்.

திருத்திய ஓட்டம்: ஏழில் ஆறு பாஸ். ஒருத்தி நிஜமாகவே இரண்டு தாளில் போய்விட்டாள். அவள் விஷயத்தில் பலகை தற்செயலாகச் சரி.

கார்டுகளில் விலாசம் எழுதியது நான். வாசகம் சாருடையது: 'துணைப் பட்டியல் காண்க.' விடுமுறையில் யார் வந்து காண்பது?

ஜூன் 12, வெள்ளி

வள்ளி போக, தேர்ச்சி பெற்ற ஐந்து பேரில் நான்கு பேருக்குச் சொல்லியாயிற்று. ஊருக்குள் இரண்டு, நேரில். சேரன்மகாதேவி, பத்தமடை, பக்கத்துக் கடை போனில். பத்தமடைக் கடைக்காரர், "இருங்க, கூட்டியாரேன்" என்று போனவர் கால் மணி நேரம். போன் வழியாகச் சேவல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாக்கி ஆழ்வார்குறிச்சி கோமதி. போன் இல்லை. எம்.எஸ்ஸி. விண்ணப்பத்துக்குத் திங்கள் கடைசி.

முத்துலட்சுமி: "அதான் கார்டு போட்டாச்சுல்லா. நீ என்ன தபால்காரியாட்டி?"

இனிமேல் காலி வரி விடாதே என்றேன்.

"விடத்தான் செய்வேன். நீ வாசிச்சுப் பழகு."

ஜூன் 14, ஞாயிறு

ஆழ்வார்குறிச்சிக்கு அம்பை வழி பஸ். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, கார் நெல் நடவுக்கு உழுகிறார்கள். ஜன்னல் ஓரம் சேறும் வெயிலும் கலந்த வாசனை. வழியெல்லாம் என்ன சொல்வதென்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். ஒன்றும் உதவவில்லை.

கதவைத் திறந்தவள் கோமதிதான். என்னை அடையாளம் தெரிந்ததும் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்துவந்தாள். "பையப் பேசுங்க மேடம். ரிசல்ட் இன்னும் வரலைன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."

கார்டு வரவில்லையா?

"வந்துச்சு. காலேஜ் சீலைப் பாத்ததும் கிழிச்சிட்டேன்."

நீ பாஸ் என்றேன்.

"போர்டுல இல்லையே."

பிரிண்டர் என்று சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். எண்ணின் கடைசி எழுத்து, தள்ளிய வரி, புகார் போன இடம். முகம் மாறாமல் கேட்டாள்.

"அப்பம் கம்ப்யூட்டர் சொல்லத்தான் செஞ்சிருக்கு?"

"ஆமா."

"நீங்க கேக்கல."

"ஆமா."

"பன்னெண்டு நாளு" என்றாள். அழவில்லை. வேலியில் ஒரு குச்சியை ஒடித்தாள். பிறகு, "நாளைக்கு அப்ளிகேஷன் குடுக்கணும்னா இன்னைக்கே அப்பா கையெழுத்து வேணும். வயல்ல இருக்காவ. இத்தனை நாளு பொய் சொல்லிருக்கேன், இனி எம்பேச்ச நம்ப மாட்டாவ. எழுதிக் குடுங்க."

உள்ளே போய் நோட்டும் பேனாவும் கொண்டுவந்தாள். சார் சொன்னது ஞாபகம் இருந்தது. ஜூலையும். வேலிக்கல்லில் நோட்டை வைத்து எழுதினேன்: பதிவெண், பெயர், எல்லாத் தாளிலும் தேர்ச்சி, எண் பட்டியலில் விடுபட்டது என் தவறு. கீழே என் பெயர், வேலை, கையெழுத்து.

விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். திருப்பி என்னிடமே நீட்டினாள்.

"தேதி போடலையே."

போட்டேன்.