சொல்லாமல் வந்த வியாழக்கிழமை

என் அருமை அம்மாவுக்கு, எங்கள் வீட்டுச் சண்டைக்காரிக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அம்மாள் இன்னும் உன்னை விசாரிக்கிறாள். "அம்மா குடே?", அம்மா எங்கே என்று கேட்கும்போதெல்லாம், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் உண்மையைச் சொன்னேன். அவள் தராசைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது, இன்னும்.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மீதி நீ போன பிறகு நடந்தது. உனக்குத் தெரிந்த பாதியையும் நான் என் வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா போனதும் உன்னைக் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்குக் கூட்டி வந்தேன். பருப்பில் வெல்லம் போடுகிற ஊருக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாயே என்று ஒரு மாதம் திட்டினாய். ஆறாவது மாதம் நம் பேட்டை சாங்வி முழுக்க உனக்குச் சிநேகம். இருபது வருஷம் இங்கே குப்பை கொட்டிய எனக்கே வராத மராட்டி உனக்கு வந்துவிட்டது. அதிலும் பேரம் பேசுகிற மராட்டி!

அப்புறம் குளியலறையில் வழுக்கி விழுந்தாய். இடுப்பில் ஆபரேஷன் ஆகியும் எழுந்து நடக்க முடியவில்லை. உன் மருமகள் செல்விக்கும் வேலை, எனக்கும் வேலை. வீட்டோடு வைத்த ஆள் இரண்டாம் மாதமே நின்றுவிட்டாள். விஷ்ராந்த்வாடியில் நல்ல இல்லம் ஒன்று இருக்கிறது, நர்ஸ் உண்டு, தினமும் டாக்டர் வருவார் என்று யாரோ சொல்லிப் போய்ப் பார்த்தோம். மூன்றே மாதத்தில் நடக்க வைத்து அனுப்புகிறோம் என்றார் மேனேஜர். நானும் உன்னிடம் "மூணே மாசம்மா" என்றேன். நீ மறுபேச்சுப் பேசவில்லை. அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு "போலாம் வா" என்றாய். அந்த மறுபேச்சில்லாமைக்கு நான் அப்போது சந்தோஷப்பட்டேன் அம்மா. அதை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத்தான் பார்க்க வரலாம், முதல் நாளே போன் செய்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். போசரியில் எங்கள் கம்பெனிக்கு வார லீவு வியாழக்கிழமை. அன்று வரட்டுமா என்று கேட்டேன். வியாழக்கிழமை தண்ணீர் வராது, பார்வையாளர்கள் வந்தால் சிரமம் என்றார் மேனேஜர். சரிதானே என்று பட்டது. ஞாயிறுதோறும் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒழுங்காகப் போன் செய்தேன். ஊழியர்களுக்குச் செல்வி மைசூர்பாகு கொடுத்தனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எப்படி இருப்பாய்! சலவைப் புடவை, பின்னிய தலை, நெற்றியில் திருநீறு. சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே ஹாலுக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். மாடியில் வார்டுக்கு யாரும் போகக்கூடாது, தொற்று வந்துவிடும் என்றார்கள். உன் கட்டிலை நான் சேர்த்த அன்று பார்த்ததுதான்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். குவாலிட்டி. ஆடிட் வருகிறது என்றால் எங்கள் கம்பெனியில் நடக்கிற கூத்தை நானே உனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம், ரிஜெக்ட் ஆன சாமான்களைத் தார்ப்பாய் போட்டு மூடுவோம், கேண்டீனில்கூட அன்று சாம்பார் கெட்டியாக இருக்கும். அதனால்தான் சப்ளையர்களிடம் நான் என்றைக்கும் சொல்லிவிட்டுப் போவதில்லை. சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்று சின்னப் பையன்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். பெற்றவளைப் பார்க்க மட்டும் ஐந்து மாதம் போன் செய்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் ஐந்தானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மணிக்கட்டில் சிவந்த தடம் பார்த்தேன். மேனேஜரைக் கேட்டேன். வயதான தோல் சார், கடிகார வார் உறுத்துகிறது, கழற்றிக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். கழற்றினேன். நீ கையை இழுத்துக்கொண்டாய், நான் விரலைப் பிரித்துக் கழற்றினேன். தடம் இரண்டு கையிலும் இருந்தது அம்மா. கடிகாரம் ஒரு கையில்தானே இருந்தது? ஒரு துருவேறிய போல்ட்டைக்கூட நான் நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன்.

அதற்கும் முன்னால், இரண்டாவது வாரமே, "ஊட்டுக்குப் போலாஞ் சாமி" என்றாய். எல்லாரும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள், பழகிவிடும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார் மேனேஜர். போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு நாள், "இங்க ஞாயித்துக்கெழம மட்டுந்தான் கண்ணு விடியுது" என்றாய். அதையும் அவரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். இந்த வயதில் நாள் கிழமை குழம்பும் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

சிரித்ததோடு நிற்கவில்லை. உன்னை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைத்ததாக அவர்கள் காட்டும் தாளைப் பார்த்துப் புளகாங்கிதப்பட்டேன். வரிசையாகக் கட்டம், கட்டத்துக்குக் கட்டம் டிக். கையெழுத்துக்குத் தனியாக ஒரு கட்டம் போடுங்கள் என்று யோசனை வேறு சொன்னேன். மறு வாரமே போட்டிருந்தார்கள். அந்த மகிழ்ச்சியில்தான் அவர்கள் கேட்டதும் வீடியோவில் பேசினேன். "நான் பதினெட்டு வருஷமா குவாலிட்டியில இருக்கேன், என் அம்மாவை நம்பி இங்க விட்டிருக்கேன்" என்று தமிழில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை. அது புனே தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

அந்த வியாழக்கிழமை நான் உன்னைச் சோதிக்கவோ அவர்களைச் சோதிக்கவோ வரவில்லை. உன் கண்ணாடியின் காது உடைந்து சரிசெய்யக் கொடுத்திருந்தேனே, அது அன்று கிடைத்தது. மேனேஜர் போனை எடுக்கவில்லை. வாசலில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். புது வாட்ச்மேன், சட்டம் தெரியாதவன். "ஊபர் ஜாவோ" என்று மாடியைக் காட்டினான்.

பதினான்கு கட்டில். ஒரே ஒரு மாவ்ஷி, அங்கே ஆயாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூத்திர வாடை படிக்கட்டிலேயே அடித்தது. கடைசிக் கட்டிலில் நீ. உன் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்கள். தண்ணீர்த் தம்ளர் எட்டாத இடத்தில் அலமாரி மேல் இருந்தது. காலையில் வைத்த போஹா, அதுதான் தாளித்த அவல், தட்டோடு காய்ந்து கிடந்தது. மேலே ஒரு நைட்டி, கீழே நனைந்து கனத்த டயப்பர். நான் கொண்டுவந்து கொடுத்த புடவைகள் தலைமாட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

மாவ்ஷி பதறிப்போய் ஓடி வந்தாள். "சாப், ஆஜ் தோ குருவார் ஹை" என்றாள். இன்றைக்கு வியாழக்கிழமையாயிற்றே என்று. அதற்கு மேல் அவள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து பதினான்கு கட்டிலுக்கும் அவள் ஒருத்திதான். அவளைத் திட்ட வாய் வரவில்லை.

நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? கட்டை அவிழ்த்ததும் முதல் காரியமாகத் தலையை ஒதுக்கினாய். "ஏஞ் சாமி, சொல்லீட்டு வந்திருக்கலாமல்ல? சீலையாச்சும் கட்டீருப்பேனே" என்றாய். ஐந்து மாதம் உன்னைக் கட்டி வைத்தவர்கள் முன்னால் வராத வெட்கம் பிள்ளை பார்த்ததும் வந்ததா உனக்கு?

கீழே மேனேஜர் வந்துவிட்டிருந்தார். கை கட்டாவிட்டால் ஊசியைப் பிடுங்கிவிடுகிறார்கள் சார், உங்கள் அம்மாவின் நன்மைக்குத்தான் என்றார். நம்பிக்கை இல்லாவிட்டால் பாருங்கள் என்று அந்தத் தாளை எடுத்து நீட்டினார். பார்த்தேன். அன்றைய தேதி. மாலை ஆறு மணிக் கட்டத்தில்கூட டிக் இருந்தது, பக்கத்தில் நான் போடச் சொன்ன கட்டத்தில் கையெழுத்தும் இருந்தது. அப்போது மணி பதினொன்றரை.

அன்றே உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன்னைத் திருப்பிப் படுக்க வைத்துத் துடைத்த செல்வி, "என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். முதுகுக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஒரு வாரத்தில் வருகிற புண் இல்லை என்றார் டாக்டர். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். ரத்தத்தில் சீழ் கலந்துவிட்டது என்றார்கள்.

இனி உனக்குத் தெரியாத பாதி.

அங்கே நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை அம்மா. கேட்டவர்களிடமெல்லாம் வயசாயிடுச்சு, என்ன செய்வது என்றேன். புகார் எழுதினேன், மூன்று தடவை எழுதினேன், அனுப்பவில்லை. அனுப்பினால் அந்த வீடியோவில் பேசியது யார் என்று கேட்பார்களே. ஏமாந்தவன் என்பதைவிட, ஏமாந்த குவாலிட்டிக்காரன் என்பது எனக்கு அவமானமாக இருந்தது. இப்படியும் ஒரு பிள்ளை.

போன ஞாயிற்றுக்கிழமை ரஹ்மத் பாய் வழியில் பிடித்துக்கொண்டார். நம் தெருமுனையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறாரே, திருநெல்வேலிக்காரர், உன்னோடு வம்பளப்பாரே, அவர்தான். "அண்ணே, ஒங்க வீடியோவப் பாத்துத்தான் எங்க வாப்பாவ அங்க சேத்தேன். ரெண்டு மாசமாச்சு. வாராவாரம் போன் போட்டுட்டுப் போயி பாத்துட்டு வாரோம். ஜம்முனு வச்சிருக்காங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் அதட்டவில்லை. "எப்பச் சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். அப்படியும் இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள் காலையில் அவர் கடைக்குப் போய், வாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, இந்தக் கடிதத்தில் உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். கட்டிய கைகளைச் சொன்னேன். சாயங்காலத்து டிக்கைச் சொன்னேன்.

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். பிறகு, "ஒங்க அம்மா ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியாண்ணே?" என்று கேட்டார்.

"சொன்னாங்க பாய். ரெண்டாவது வாரமே சொன்னாங்க. நான் போய் மேனேஜர்கிட்டக் கேட்டேன்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருடைய வாப்பாவும் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டுப் போனை எடுத்தார், பழக்கத்தில் இல்லத்தின் நம்பரைத் தேடினார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். இரண்டு பேரும் அவருடைய ஸ்கூட்டரிலேயே போனோம்.

இந்தத் தடவை வாசலில் மறித்தார்கள். பாய் கத்திய கத்தலில் வழிவிட்டார்கள். வரவேற்பறை டிவியில் என் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் சலவைப் புடவையில் நீ. பாயின் வாப்பாவை அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவர் கையிலும் தடம் இருக்கிறது. முதுகு சிவந்திருக்கிறது, புண்ணாகவில்லை. பாய் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான்கு மாதத்துக்கு முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெரியவர் அங்கே போயே இருக்க மாட்டார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றேன். நீங்கள் சம்மதித்துத்தானே பேசினீர்கள் என்கிறார் மேனேஜர். சொல்லிக்கொள்ளட்டும். புகாரை இன்று காலை அனுப்பிவிட்டேன், என் பெயரும் அந்த வீடியோவில் இருப்பவன் நான்தான் என்பதும் அதில் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு வீடியோவில் பேசப் போகிறேன். தமிழில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை. பழையது போன குழுக்களுக்கெல்லாம் இதுவும் போகும். எத்தனை வருஷமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். இல்லத்தைப் பற்றியும் முதலில் பேச மாட்டேன். "என் அம்மா உண்மையைச் சொன்னாள், நான் அவளை நம்பவில்லை" என்று ஆரம்பிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு அம்மா.

நீ சொல்லியும் கேட்காத உன் பிள்ளை,
மணி