அறுபத்தொன்றாம் பக்கத்தில் இல்லாத பெயர்

பிப். 9, திங்கள்

விடியற்காலை கடும் பனி. ஏழு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. முழங்கால் வலி, இடது.

நான் வருகை நோட்டிலிருந்து பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஊர் அப்படிப் பேசுவதால் இங்கே எழுதி வைக்கிறேன். பக்கம் 61 அதன் இடத்தில், 60-க்கும் 62-க்கும் நடுவில் இருக்கிறது. தையல் பிரியவில்லை.

பால் வாங்கும் இடத்தில் இரண்டு பெண்கள், நான் பின்னால் நிற்பது தெரியாமல்:

“மதலேனம்மா அந்தப் பக்கத்தக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டாகளாம்.”

“அவுகளா? கிழிச்சாலும் ஸ்கேல் வச்சுல்ல கிழிப்பாக.”

சிரிப்பு. திரும்பி என்னைப் பார்த்ததும், “என்னம்மா, பால் வாங்க வந்தீகளா?” அங்கே வேறு எதற்கு வருவார்கள்?

நடந்தது, வரிசையாக. போன செவ்வாய், 3-ஆம் தேதி. ரோட்டோரப் புஞ்சையில் குதிரைவாலிக் கதிர் அடிப்பு. டிராக்டரில் மாட்டும் மெஷின், சேகர் என்பவனுடையது. எட்டு மணிக்கு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வந்தவர்கள் பெயரை எழுதினேன். ஏழு பெண்கள். ஒன்பதுக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. பத்தே காலுக்குச் செல்வியின் வலது கையை இழுத்துவிட்டது. என் கொழுந்தன் மகன் அருள் ஓடிப்போய் டிராக்டரை நிறுத்தினான். அவனே அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். செல்விக்கு வயது இருபத்தாறு. ஒரு பெண் குழந்தை.

நிறுத்திய பிறகும் மெஷினின் சல்லடை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது.

பக்கம் 61-இல் ஏழு பெயர்கள். செல்வி என்ற பெயர் அதில் இல்லை.

சர்க்கரை மாத்திரை மூன்று நாளைக்குத்தான் வரும்.

பிப். 10, செவ்வாய்

பனி குறைவு. செல்வியின் பெயர் ஏன் இல்லை என்பதை எழுதாமல் நேற்று இந்த டைரியை மூடிவிட்டேன். அது சரியல்ல.

எங்கள் புஞ்சையில் ஏழு பேருக்கு நிலையான இடம். ஒருத்தி வர முடியாவிட்டால் தன் வீட்டிலிருந்து இன்னொருத்தியை அனுப்ப வேண்டும். மாற்றாள் வந்தாலும் நோட்டில் எழுதுவது இடத்துக்கு உரியவளின் பெயரைத்தான். நான் வைத்த விதி. பிள்ளைப்பேறோ காய்ச்சலோ, திரும்பி வரும்போது அவள் இடம் அவளுக்கு இருக்கும். இருபத்திரண்டு வருடமாக இதில் ஒரு சண்டை வந்ததில்லை. நோட்டில் ஓர் அடித்தல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் போட்ட ஒழுங்கு, கையை விட்டுப் போகவில்லை.

3-ஆம் தேதி பாண்டியம்மாளின் இடத்துக்கு அவள் கொழுந்தன் மனைவி செல்வி வந்தாள். ‘பாண்டியம்மாள்’ என்று எழுதினேன்.

மாலை அருள் வந்தான். கையில் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். செல்வி இழப்பீடு கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். அன்றைய வருகைப் பதிவும் என் வாக்குமூலமும் 20-ஆம் தேதிக்குள் வேண்டுமாம்.

“பெரியம்மா, நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேணாம். நோட்டக் குடுங்க, போதும். நோட்டு பேசட்டும்.”

“நோட்டு என்னடா பேசும்?”

“செல்வின்னு யாரும் வேலைக்கு வரலன்னு பேசும். அவ வீட்டுல எதுலயோ கைய விட்டுட்டா. சேகரும் அப்படித்தான் சொல்லப் போறான்.”

“ஏலே, அவளத் தூக்குனதே நீதானடா.”

“தூக்குனேன். தூக்குனதுக்கு நோட்டுல பேரு இருக்கா?”

காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. புஞ்சை இன்னும் பங்கு பிரிக்காதது. பாதி அவன் அப்பாவுடையது.

அன்று மெஷினைச் சுற்றி நின்ற மற்ற ஆறு பேருக்கும் தூசியில் ஒன்றுமே தெரியவில்லையாம். ஆறு பேரும் ஒரே வார்த்தை.

பிப். 12, வியாழன்

ஆஸ்பத்திரி. கா. 7.20 பஸ். எடுத்துப் போனது: ஆரஞ்சு நான்கு, ரொட்டி ஒரு பாக்கெட், வெள்ளைத் துண்டு ஒன்று.

செல்விக்கு மணிக்கட்டு வரை எடுத்துவிட்டார்கள். முகம் சின்னதாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். படு என்றேன்.

“கதிரோட சொனை இன்னும் அரிக்குதும்மா. விரலிடுக்குல.”

எந்தக் கையில் என்று கேட்டுவிட்டேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

கையை இறக்கி வைத்துக்கொண்டு, “சட்டைய நர்ஸம்மா கத்திரி வச்சு வெட்டிட்டாகம்மா. பாண்டியம்மாக்கா சட்டை. திருப்பிக் கேப்பீகளா?”

“கேக்க மாட்டேன்.”

என் வீட்டுக்காரர் காலமான மறு வருடம் அவருடைய முழுக்கைச் சட்டைகளை ஏழு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். சேலைக்கு மேல் போட்டுக்கொண்டால் கதிரின் சொனை, அந்த நுண்ணிய முள்தூசி, தோலில் ஏறாது. அவர் ஆறடி. பாண்டியம்மாளும் உயரம். செல்வி என் தோளுக்குத்தான் வருவாள்.

திரும்பும்போது பரமக்குடி தாண்டும் வரை நின்றுகொண்டே வந்தேன். பிறகு ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். நன்றி சொன்னேனா, நினைவில்லை.

வீட்டில்: நோட்டை எப்போதும் பீரோவில் பைபிளுக்கு அடியில் வைப்பேன். இன்று பைபிளுக்கு மேல் இருந்தது. வாசல் கதவின் இன்னொரு சாவி அருளிடம் இருக்கிறது.

பிப். 14, சனி

வெயில் ஏறிவிட்டது. இனி நோட்டு என் துணிப்பையில். கழிப்பறைக்கும் அது கூடவே வருகிறது. சிரிப்புக்கு இடமான காரியம்தான்.

மதியம் பாண்டியம்மாள் கொல்லைப்புறமாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அம்மா, எம் பேர அடிச்சுருங்கம்மா.”

3-ஆம் தேதி அவள் கண்மாயில் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். அங்கே செல்போனில் படம் பிடித்துத்தான் வருகை. மாற்றாள் அனுப்ப வழியில்லை. அதனால் அங்கே தான் போய், இங்கே செல்வியை அனுப்பியிருக்கிறாள். இப்போது அருள் அவளைக் கூப்பிட்டு, அன்றைக்கு மெஷினில் நின்றது தான்தான் என்று சொல்லச் சொல்கிறானாம்.

“போட்டோவுல மம்பட்டியோட கண்மாய்க்குள்ள நிக்கேன். இங்கன மிசினுக்கிட்டயும் நான்தான் நிக்கேனாம். எனக்கு என்ன ரெண்டு உடம்பாம்மா? சொல்லலேன்னா இடம் போயிரும்ங்காரு. சொன்னா நூறு நாள் கார்டு போயிரும்.”

“நோட்டுல அடிக்கிற வழக்கம் இல்ல, பாண்டியம்மா.”

“ஆமாம்மா. நோட்டுல ஒரு கீறல் விழக் கூடாது. அவளுக்குக் கையே போயிருச்சு.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். போய்விட்டாள்.

என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. கோபம் வந்தது. விளக்கு வைக்கும் வரை இருந்தது. யார் மேல் என்று இப்போது தெரியவில்லை.

மாத்திரை வாங்கியாயிற்று. கோழிக்கூட்டுக் கொக்கி சரி செய்ய ஆள் பார்க்க வேண்டும்.

பிப். 16, திங்கள்

காற்றே இல்லை. காலையிலிருந்து பக்கத்துப் புஞ்சையில் அதே மெஷின். கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. கதிர்க்கட்டு உள்ளே போகும்போது சத்தம் கம்மும், பிறகு திறக்கும். ஒவ்வொரு முறை கம்மும்போதும் கை வேலையை விட்டுவிடுகிறது.

பத்து மணிக்கு நடந்து போய்ப் பார்த்தேன். கட்டை உள்ளே தள்ளும் வாயை மூடியிருக்க வேண்டிய தகடு இன்னும் மாட்டப்படவில்லை.

“தகட்ட மாட்டலையாப்பா?”

சேகர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். “மாட்டுனா கட்டு சட்டுனு இறங்க மாட்டேங்குதும்மா. சாயங்காலம் வரைக்கும் இங்கனயே கிடக்கணும். பயப்படாதீக. ஒரு மிசினு ஒரு கையத்தான் திங்கும்.”

கட்டுத் தள்ளிக்கொண்டிருந்த பெண்ணும் சேர்ந்து சிரித்தாள், மெஷினைப் பார்க்காமல்.

3-ஆம் தேதியும் தகடு தரையில்தான் கிடந்தது. பெண்கள் அதன்மேல் தூக்குவாளிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மண் ஒட்டாத நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அருள் போனில்: மீதிக் கதிர் அடிக்க வியாழக்கிழமை மெஷின் நம் புஞ்சைக்கு வருகிறது. “மழ மூட்டம் போடுது பெரியம்மா, தள்ளிப்போட ஏலாது.” வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

பிப். 17, செவ்வாய்

பாண்டியம்மாள் போன் செய்தாள். சீழ் ஏறிவிட்டதாம். இன்று காலை செல்விக்கு முழங்கை வரை எடுத்துவிட்டார்கள். இதோடு நிற்குமா என்று கேட்டதற்கு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம்.

சமைக்கவில்லை.

இன்னொன்று எழுத வேண்டும். எட்டு நாளாக இந்த டைரியிலும் எழுதாதது.

அன்று காலை செல்வி சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத்தான் வந்தாள். பெரிய சட்டை, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் நாற்காலியில் இருந்தபடி கூப்பிட்டேன். “கைய இறக்கி விடு. ரௌடி மாதிரி என்ன மடிப்பு?” இறக்கினாள். விரல் நுனி மறைந்துவிட்டது. மற்றவர்கள் சிரித்தார்கள். நான் திருப்தியாக அடுத்த பெயரை எழுதினேன்.

அந்தக் கைதான் உள்ளே போனது. முதலில் துணி, பிறகு மற்றது.

பிப். 18, சாம்பல் புதன்

கா. 6 பூசை. கோயிலில் கூட்டம். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசும்போது பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அவர் பையைப் பார்த்தார்.

வெளியே அருள் காத்திருந்தான். நெற்றியில் சாம்பல்.

“எழுதிக் குடுக்கப் போறீகளாமே.”

“யார் சொன்னா?”

“பாண்டியம்மா மொகமே சொல்லுது. பெரியம்மா, நல்லா யோசிங்க. நீங்க எழுதுனா கேஸ் ரெண்டு பேரு மேலயும் வரும். புஞ்சைய வித்துத்தான் குடுக்கணும். உங்க பாதியும் சேத்துத்தான்.”

“தெரியும்.”

“பெரியப்பா இருந்தா இப்படி விடுவாரா?”

நடக்க ஆரம்பித்தேன். அவரைப் பற்றி இவனிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. வீடு வரை என் பின்னாலேயே பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் வரவும் இல்லை, முந்திப் போகவும் இல்லை.

ஒரு சந்தி, ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு. தண்ணீர் மட்டும் போதுமாயிருந்தது.

பிப். 19, வியாழன்

மறுபடி பனி. ஏழரைக்கே டிராக்டர் சத்தம். புஞ்சைக்குப் போனேன்.

வேப்பமரத்தடியில் நாற்காலி இல்லை.

“இனிமே பேர நானே போன்ல எழுதிக்கிறேன் பெரியம்மா. நீங்க வெயில்ல நிக்காதீக” என்றான் அருள். வெயிலே வரவில்லை.

தகடு மரத்தடியில். அதன்மேல் ஏழு தூக்குவாளிகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். தகட்டை மாட்டு என்றேன். சேகர் அருளைப் பார்த்தான். அருள் டிராக்டரைப் பார்த்தான். டிராக்டர் கிளம்பிவிட்டது.

ஏழு பெண்களிடமும் அவரவர் பெயரைக் கேட்டேன். இரண்டு பேர் மாற்றாட்கள். ஒருத்தி வள்ளி, பாண்டியம்மாள் அனுப்பியவள்.

“பாண்டியம்மாதான் செல்விக்குத் துணையா ஆஸ்பத்திரியில இருக்காளே, உன்னய எதுக்கு அனுப்புனா?”

“அனுப்பாட்டி இடம் போயிருமேம்மா.”

வள்ளிக்குச் சட்டை இல்லை. மற்ற ஆறு பேரையும் சட்டையைக் கழற்றச் சொன்னேன். மூன்று பேர் கழற்றினார்கள். மூன்று பேர், “சொனை பிடுங்கித் தின்னுரும்மா” என்று மறுத்துவிட்டார்கள். எனக்கு அங்கே அதற்கு மேல் அதிகாரம் இல்லை.

11.30 பஸ். கடிதத்தைத் தொழிலாளர் அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நகல் கீழே.

ஐயா,

3-ஆம் தேதி வருகை நோட்டின் 61-ஆம் பக்கத்தில் ‘பாண்டியம்மாள்’ என்று இருப்பது உண்மையல்ல. வேலைக்கு வந்ததும் கையை இழந்ததும் செல்வி. அவளை எதிரில் பார்த்துக்கொண்டே வேறு பெயரை எழுதியவள் நான். பாண்டியம்மாள் அன்று கண்மாய் வேலையில் இருந்தாள். அங்கே எடுத்த படத்தைக் கேட்டு வாங்கவும். அவள்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

மெஷினின் தகடு கழற்றிக் கிடந்ததைப் பார்த்தேன், கேட்கவில்லை. செல்வி மடித்திருந்த சட்டைக்கையை இறக்கிவிடச் சொன்னவளும் நான். சட்டை என் கணவருடையது.

நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். அந்தப் பக்கத்தை அடித்துத் திருத்தவில்லை. தவறு எழுதியபடியே உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இதை எழுதும் நேரத்தில் அதே மெஷின், அதே புஞ்சையில், தகடு இல்லாமல் ஓடுகிறது. அங்கே நிற்பவர்கள்: ராக்கு, காளீஸ்வரி, பஞ்சவர்ணம், முனியம்மாள், அன்னக்கிளி, வள்ளி, சத்யா. கடைசி இருவரும் மாற்றாட்கள். அவர்கள் சொந்தப் பெயரையே எழுதியிருக்கிறேன்.

யாராவது நேரில் வந்து பார்க்க வேண்டும். எந்தத் தேதியில் வருவீர்கள் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.