பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவு

ஸ்ரீரங்கம்
15.6.2025

அன்புள்ள லிசிக்கு,

காலைப் பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். பெனடிக்ட் கறி வாங்கப் போயிருக்கிறார். மாடியில் நாத்தனார் வீட்டு டிவி அலறுகிறது. இந்த வீட்டில் போனில் முணுமுணுத்தால்கூட மாடிக்குக் கேட்கும் என்பதால்தான், ஒரே ஊரில் இருந்துகொண்டு ஹாஸ்டல் லீவுக்காலம் மாதிரி நாம் தபால் போட்டுக்கொண்டிருக்கிறோம். பெனடிக்ட் என் கடிதங்களைப் பிரிப்பதில்லை. அந்த மட்டும் புண்ணியவான்.

நீ தைத்துக் கொடுத்த உள்பாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகிறேன். இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருக்கிறது. தோள் சாயவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க முந்தானையை ஒருமுறைகூட இழுத்து விட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் கையைத் தூக்கி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு காவிரிப் பாலம் முழுவதும் நின்றே வந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் கையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

எடைக்காகப் பஞ்சுக்குள் கடுகுப் பை வைத்திருக்கிறாய் என்று பெனடிக்டிடம் சொன்னேன். "தாளிச்சிடாதே" என்றார். ஏப்ரல் மாதத்திலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மற்றவர்களுக்கு இன்னும் அது பித்தப்பைக் கல்தான். ஒரு பக்க மார்பை எடுத்தது தெரிந்தவர்கள் நீ, அவர், டாக்டர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்னிடம் பயம் இருக்கிறது, அது போதும். போர்டில் எழுதிவிட்டுத் திரும்பும்போது நாற்பது பேரும் ஒரே இடத்தைப் பார்த்தால் என்னால் பாடம் நடத்த முடியாது, லிசி. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அதுவரை இப்படியே போகட்டும்.

உன் அமலி


கே.கே. நகர்
19.6.2025

என் அமலிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாலம் முழுவதும் நின்றே வந்தேன் என்ற இடத்தில் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன். ஜாக்கெட் தைத்த காலத்தில் இப்படி ஒரு கடிதம் யாரும் எனக்கு எழுதியதில்லை. கழுத்து இறக்கம், கை லூஸ் என்று சண்டைதான் வரும்.

ஆனால் தொழில் படுத்துவிட்டது என்பதை உன்னிடம் மறைப்பானேன். பிரவீன்ராஜ் துவாக்குடி வேலை முடிந்து வந்து, தினமும் உட்கார்ந்து எனக்காக ஃபேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போடுகிறான். மூன்று மாதமாகிறது. எண்ணூறு லைக் வந்தது என்று முதலில் குதித்தோம். எண்ணிப் பார்த்தால் அறுநூறு பேர் ஆம்பிளைகள். உள்பாடி என்ற ஒரு வார்த்தைக்கு அவ்வளவு கூட்டம். அவர்கள் அனுப்பிய மெசேஜையெல்லாம் பெற்ற பிள்ளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான், நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன். மரியாதையாகப் போன் செய்தவர் ஒரே ஒருவர். "சோபாவுக்கு குஷன் தைப்பீங்களா மேடம்?" என்று கேட்டார்.

வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. சேர்ந்தாலும் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்ல மாட்டாள். நல்ல சாம்பார்ப் பொடி என்றால் தெருவே சொல்லும். இதை வாங்குகிறவள் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வாள். நீயே அப்படித்தானே? அதனால் காசு கட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூலைக்குள் எடுபடாவிட்டால் முன்னறையை செல்போன் ரிப்பேர் கடைக்கு வாடகைக்கு விடலாம் என்கிறான். இந்த வயதில் மறுபடி யாரிடம் போய் ஃபால்ஸ் அடிக்க வேலை கேட்பேன்?

ஒன்று கேட்கிறேன். முந்தானை, பஸ் கம்பி பற்றி நீ எழுதிய அந்த நாலு வரியை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளட்டுமா? நான் நூறு தடவை சொல்வதை நீ ஒரு மூச்சில் சொல்லிவிட்டாய்.

உன் லிசி


ஸ்ரீரங்கம்
22.6.2025

அன்புள்ள லிசிக்கு,

இதற்கு இவ்வளவு தயக்கமா? டைப் அடித்துப் போட்டுக்கொள். என் பெயர், ஊர், பள்ளிக்கூடம் எதுவும் வரக் கூடாது. காவிரிப் பாலம் இருக்கட்டும், அதில் ஊரே போய் வருகிறது.

அந்த நாலு வரியால் ஒருத்தி கையைத் தூக்கினால் எனக்குச் சந்தோஷம்தான். முன்னறையை யாருக்கும் விட்டுவிடாதே. எனக்கு இன்னும் இரண்டு வேண்டும், இந்த வெயிலுக்கு ஒன்று போதவில்லை.

உன் அமலி


கே.கே. நகர்
6.7.2025

என் அமலிக்கு,

பதினோரு பேர்! ஐந்து நாளில் பதினோரு பேர் போன் செய்துவிட்டார்கள். எல்லோரும் பெண்கள், எல்லோரும் நிஜமாகவே தேவைப்பட்டவர்கள். துவாக்குடியிலிருந்து ஒரு நர்ஸ். மருங்காபுரியிலிருந்து வெள்ளையம்மாள் என்று ஒரு அம்மா, நிலக்கடலை போடுகிற குடும்பம், திருச்சியில் இருக்கும் மகள் காட்டினாளாம். மூன்று வருஷமாகப் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அளவெடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பிரவீன்ராஜ் இந்தத் தடவை பெண்களுக்கு மட்டும், திருச்சியைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டருக்கு மட்டும் என்று வைத்தான். படம் கிடையாது, விலை கிடையாது, உன் வரிகள் மட்டும்தான். "படிச்சதும் நம்பிக்கை வந்துச்சுங்க" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். இத்தனை நாள் காசைக் கரைத்ததெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எப்படிப் போட்டோம் என்பதை நேரில் வரும்போது சொல்கிறேன்.

உன் இரண்டையும் வெட்டி வைத்திருக்கிறேன். வந்த ஆர்டரை முடித்துவிட்டுத் தைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் லிசி


ஸ்ரீரங்கம்
12.7.2025

லிசி,

நேற்று பெற்றோர் கூட்டம். எல்லோரும் போன பிறகு ஆனந்தவள்ளி என்று ஒருத்தி மட்டும் நின்றாள். என்னிடம் படித்தவள், இப்போது அவள் மகள் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படிக்கிறாள். கதவைச் சாத்திவிட்டு வந்து போனைக் காட்டினாள்.

"இது உங்க கையெழுத்துதானே டீச்சர்? எங்க செட் குரூப்புல எல்லாருக்கும் வந்திருக்கு. இப்ப உடம்பு எப்படி இருக்குங்க?"

கண்ணில் தண்ணீரோடு கேட்டாள். நல்ல பெண். கேலி செய்திருந்தால்கூடத் திட்டி அனுப்பியிருப்பேன்.

நீ டைப் அடிக்கவில்லை. என் கடிதத்தையே போட்டோ எடுத்திருக்கிறாய். உன் பெயர் வரும் இடத்தை மடித்து, கீழே ஒரு துணித்துண்டை வைத்து மறைத்திருக்கிறாய். பெயரை மறைத்தால் நான் மறைந்துவிடுவேன் என்று நினைத்தாயா? முப்பத்திரண்டு வருஷமாகப் போர்டில் எழுதுகிறேன். பாலக்கரை, தென்னூர், உறையூர் என்று இந்த ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றார்கள். அவர்கள் எல்லோரும் உன் மகன் போட்ட பதினைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார்கள்.

போன் செய்யத்தான் எடுத்தேன். ஹாலில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு வைத்துவிட்டேன். இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். கிடைத்த நிமிஷமே அதை எடுத்துவிடு. திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் போக வேண்டும்.

அமலி


கே.கே. நகர்
18.7.2025

என் அமலிக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. படித்த நிமிஷமே பிரவீன்ராஜுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டேன். இப்போது அது எங்கேயும் இல்லை.

டைப் அடித்துத்தான் முதலில் போட்டோம். "யாரோ காசு வாங்கிட்டு எழுதினது மாதிரி இருக்கும்மா, நிஜக் கடிதாசியையே காட்டுனா நம்புவாங்க" என்றான். சரி என்று மடித்துக் கொடுத்தது நான்தான், அவன்மேல் பழியில்லை. கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. என்னை மன்னித்துவிடு. உன் இரண்டு உள்பாடியும் தயார். கொண்டுவந்து தரட்டுமா?

உன் லிசி


கே.கே. நகர்
10.8.2025

அமலி,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. இரண்டு தடவை ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, பாதி வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். வாசலில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமையே வந்துவிட்டது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு நானே வாங்கினேன். அவர் தெரு திரும்புவதற்குள் படித்தும் முடித்தேன். அன்றைக்குக் காலையில் மட்டும் நாலு போன் வந்திருந்தது. பிரவீன்ராஜிடம் சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவன் சந்தோஷமாக வந்தான், இன்னொரு மிஷின் வாங்கலாமா என்று கேட்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று கடிதத்தை நூல்கண்டு டிராயருக்குள் வைத்தேன். செவ்வாய் சொல்லவில்லை. புதன் சொல்லவில்லை. வியாழக்கிழமை டிராயரைத் திறக்காமல் இருப்பதற்காகக் கறுப்பு நூல் இருந்தும் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவந்தேன்.

நீ திங்கட்கிழமை வகுப்புக்குள் போக வேண்டும் என்று எழுதியிருந்தாய். அது தெரிந்தேதான் செய்தேன். நாலு நாள், அமலி. உன்னை விற்று நாலு நாள் தொழில் நடத்தினேன். அப்புறம் இன்றுதான் கிடைத்தது என்று பொய்யும் எழுதினேன். யோசித்தால் உடம்பு கூசுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். ஜெபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். அதனால் ஒன்றும் குறையவில்லை.

அதை நிறுத்திய பிறகு வேறு வார்த்தைகளைப் போட்டுப் பார்த்தோம். ஒரு போன்கூட வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதவில்லை. உனக்கு எழுத வேறு செய்தி எதுவும் என்னிடம் இல்லை.

லிசி


ஸ்ரீரங்கம்
17.8.2025

லிசிக்கு,

திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கடிதம் பட்டுவாடா ஆனது என்று தபால் ஆபீசிலிருந்து அன்றைக்கே என் போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது. வியாழக்கிழமையும் விளம்பரம் வருகிறது என்று ஆனந்தவள்ளி சொன்னாள். ஆகவே, இன்றுதான் கிடைத்தது என்ற உன் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும். நீயாகச் சொல்வாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டாய். அதற்காகத்தான் இந்தப் பதில்.

அந்தத் திங்கட்கிழமை வகுப்புக்குள் போனேன். போர்டில் தேதி எழுதிவிட்டுத் திரும்பினேன். ஒரு பிள்ளையும் என்னைப் பார்க்கவில்லை. நாற்பது பேரும் தலையைக் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரைப் பார்க்காதீங்க என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். வகுப்பில் அதட்ட எனக்கு வேலையே இல்லை. அவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள், கண்ணை மட்டும் காட்டுவதில்லை. என்ன தப்பு செய்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது, அவ்வளவுதான். அதற்கு நான் ஏன் கூச வேண்டும் என்று தெரிகிறது, கூச்சம் போகவில்லை.

புதிதாகப் போட்ட விளம்பரத்துக்குப் போன் வரவில்லை என்று எழுதியிருந்தாய். ஏன் வரும்? அவர்கள் நம்பியது விளம்பரத்தை இல்லை, லிசி. தப்பு எழுதினால் நூறு தடவை எழுத வைக்கிற டீச்சர் பொய் சொல்ல மாட்டாள் என்று நம்பினார்கள். நீ காசு கட்டி அனுப்பியது என்னைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். மறைத்தால் நானும் ஒரு டிராயர் வைத்திருப்பேன்.

அஃப்ஷீன் என்று என்னிடம் படித்த பெண், உறையூரில் இருக்கிறாள், முப்பத்தெட்டு வயது. போன மாதம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். மார்பில் கட்டி இருப்பது ஆறு மாதமாகத் தெரியுமாம், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். "உங்க எழுத்தைப் பார்த்தேங்க டீச்சர். நீங்களே பஸ்ல நிக்கிறீங்கன்னா நானும் டாக்டர்கிட்ட போலாம்னு தோணுச்சு" என்றாள். நான்தான் கூட்டிப்போனேன். ஆரம்பக் கட்டம்தான், சரியான சமயத்தில் வந்திருக்கிறாள் என்றார் டாக்டர். வருகிற புதன்கிழமை ஆபரேஷன்.

எப்போது பார்த்தாய் என்று அவளிடம் கேட்டேன். அந்த வியாழக்கிழமை என்றாள். நீ திங்கட்கிழமையே நிறுத்தியிருந்தால் அவள் பார்த்திருக்க மாட்டாள். அது எனக்குத் தெரிகிறது. அதனால் நீ செய்தது சரியாகிவிடாது, அதுவும் தெரிகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. தெரியும்வரை எனக்கு எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

அக்டோபர் கடைசியில் காயம் ஆறியதும் அவளை உன்னிடம் அளவெடுக்கக் கூட்டி வருவேன். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் உன்னைப்போல் தைக்க வேறு ஆள் இல்லை. பயந்த சுபாவம் அவளுக்கு, டேப்பை வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வை. நான் வெளியே வாசலில் உட்கார்ந்திருப்பேன். என்னை உள்ளே கூப்பிடாதே.

இப்படிக்கு,
எஸ். அமலராணி